வாசலிலிருந்து தொடங்குகிறவள்

எங்கள் மருத்துவமனையில் என் மனைவிக்கு 'வாசல்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் காலையில் அவள் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது நர்சுகள் "வாசல் வந்தாச்சுடி" என்று சொல்லிக்கொள்வது எனக்கும் கேட்கும், அவளுக்கும் கேட்கும். அவள் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

அவள் ஸ்கேன் டாக்டர். கர்ப்பிணி ஒருத்தி மேசையில் படுத்தால் மற்ற டாக்டர்கள் கருவியை வயிற்றின் மேட்டில் வைப்பார்கள். குழந்தையின் இதயம் படபடவென்று அடிப்பது தெரிந்ததும் திரையைத் தாயின் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். அந்தப் பெண் அழுவாள், சிரிப்பாள், எழுந்து போவாள். வெளியே எள் போட்டால் எள் விழாத கூட்டம் காத்திருப்பது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். என் மனைவி அப்படியில்லை. அடிவயிற்றில் தொடங்குவாள். முதலில் சிறுநீர்ப்பை, அதற்குப் பின்னால் கர்ப்பப்பையின் வாய், அங்கிருந்து அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே போவாள். "வாசல்ல நுழையாம வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு எப்படிச் சொல்றது?" என்பாள். சுவர் நாலு பக்கமும் தெரிகிறவரை குழந்தையைப் பார்க்க மாட்டாள். தான் பார்த்து முடிக்காததை யாருக்கும் காட்டவும் மாட்டாள். திரை எப்போதும் அவள் பக்கமே திரும்பியிருக்கும். அதனால் கல்நெஞ்சக்காரி என்ற பெயரும் உண்டு.

அவளுடைய அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். உள்ளே நாய் இருக்கிறதென்று தெருவில் நின்றபடி குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போகமாட்டார். கடி வாங்கியாவது பார்த்துவிட்டு வருவார். அந்தப் புத்தி மகளுக்கு அப்படியே வந்திருக்கிறது. நாங்கள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது கூடத்தையும் சமையலறையையும் விட்டுவிட்டு, வாசற்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வெறுத்துப்போய், "வீடு வேணுமா, இல்ல கதவு மட்டும் போதுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் மயக்க மருந்து கொடுக்கிறவன். என் தொழிலில், பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி தூங்கிவிடுவார். எழுந்த பிறகு என்னை யாரென்றே தெரியாது. அதனால் விழித்திருக்கிற ஆள் கிடைத்தால் எனக்கு வாய் ஓயாது. அன்றைக்கும் அப்படித்தான், சாப்பாட்டு வேளையில் நான் விளையாட்டாக ஒன்றைச் சொல்லப்போய் இதெல்லாம் ஆரம்பித்தது.

பிரசவ வார்டில் ஒரு பெண் இருந்தாள். கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடும் கடை அவர்களுடையது. கணவன் மரம் அறுப்பான், இவள் கண்ணாடி வெட்டுவாள். ஃப்ரேம்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். நாள் தாண்டியும் வலி எடுக்கவில்லை, பனிக்குட நீரும் குறைந்துவிட்டது என்று சேர்த்திருந்தார்கள். வலி வருவதற்காக ட்ரிப் போட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஓடியது. வலி வரவில்லை. மறுநாளும் போட்டார்கள். கர்ப்பப்பையின் வாய் இறுக மூடியே இருந்தது. சரி, அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று பெரியம்மா முடிவு செய்தார். பெரியம்மா என்பது எங்கள் பிரசவப் பிரிவின் தலைமை டாக்டர். மருத்துவமனை மொத்தத்துக்கும் அவர் பெரியம்மாதான். மூக்கின் மேல் கோபம், ஆனால் கை தங்கமான கை.

மயக்கம் கொடுக்கும் முன் பரிசோதிக்க நான் வார்டுக்குப் போனேன். ஃப்ரேம்காரி ஒருக்களித்துப் படுத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமியார்.

"என்னம்மா, வலி வந்திடுச்சா?"

"வலி இல்ல சார். குழந்தை அசைஞ்சா உயிர் போகுது. உதைக்கறப்போ குடலையே பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. மாசக்கணக்கா இப்படித்தான்."

"தலைப்பிரசவம்ல, பயப்படுறா" என்றாள் மாமியார். "நானெல்லாம் வயித்துல புள்ளையோட நாலு மாடி ஏறி இறங்கினவ."

"அத்தை, அந்த நாலு மாடியும் நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி ஏறினது. மாமா சொல்லிட்டார்" என்றாள் ஃப்ரேம்காரி, அந்த நிலையிலும். மாமியார் சிரித்துவிட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

மூச்சு, நாடி எல்லாம் பார்த்துவிட்டு வயிற்றில் கை வைத்தேன். குழந்தையின் பாதம் என் உள்ளங்கையில் வந்து நின்றது. போர்வைக்குள் தூங்குகிற பிள்ளையின் காலைத் தொட்டதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒல்லியான பெண், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "ட்ரிப் போட்டும் வலி வராத அந்த ஃப்ரேம்காரி இருக்காளே, அவ குழந்தையோட கால் விரலை இன்னைக்கு எண்ணிட்டேன், தெரியுமா? இனிமே உன் மெஷினுக்கு வேலையே இல்ல."

அவள் டப்பாவை மூடினாள். "ட்ரிப் ஓடறப்போ வயிறு இறுகுதா?"

"இல்லையாம். ரெண்டு நாளா போடறாங்க, கல்லு மாதிரி சும்மா இருக்காம்."

"குழந்தை அசைஞ்சா வலிக்குதா?"

"உயிர் போகுதுங்கிறா."

"அவளுக்கு இங்கே ஸ்கேன் எடுத்தது யாரு?"

வெளியில் எடுத்துவிட்டு வந்திருந்தாள். கடைத்தெருவில் ஒரு ஸ்கேன் நிலையம் உண்டு. படத்தைப் பளபளப்பான தாளில் அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். ஃப்ரேம்காரி அந்தப் படத்துக்குத் தங்க நிறச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தாளாம். கலங்கலான படம்; தண்ணீர் குறைவு, அதனால் முகம் சரியாக விழவில்லை என்று சொல்லியனுப்பினார்களாம். குழந்தைக்கு உயிர்த்துடிப்பு நன்றாக இருக்கிறது, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒரு கட்டி இருக்கிறது, அது சாதாரணச் சதைக்கட்டிதான், பயப்பட வேண்டாம் என்பது முடிவு. எங்கள் ஆட்களும் அதை நம்பிவிட்டார்கள். இதயம் துடிக்கிற குழந்தையைக் கண்ணால் பார்த்த பிறகு, அது எங்கே இருக்கிறது என்று யார் சந்தேகப்படுவார்கள்?

சோற்றில் வைத்த கையோடு நான் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி எழுந்து போய்விட்டாள்.

ஸ்கேன் அறை சின்ன அறை. ஜன்னலில் கறுப்புத் துணி, பாதி கொக்கி உதிர்ந்த திரைச்சீலை, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கும் ஜெல்லி பாட்டில். வயிற்றில் சில்லென்று படக்கூடாது என்பதற்காக அவள் செய்த ஏற்பாடு அது. கல்நெஞ்சக்காரி என்பவர்கள் அதைக் கவனித்ததில்லை. ஃப்ரேம்காரியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நானும் பின்னால் போய் நின்றேன்.

என் மனைவி வழக்கம்போல வாசலிலிருந்து தொடங்கினாள். சிறுநீர்ப்பை. கர்ப்பப்பையின் வாய். அங்கிருந்து சுவரைப் பிடித்து மேலே போனாள். சுவர் கொஞ்ச தூரத்திலேயே வளைந்து மூடிக்கொண்டது. நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, உதட்டை இறுக மூடிய வாய்போல. அவள் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தாள். எழுதித் தந்திருந்த அந்தக் 'கட்டி'யின் மேல் கருவி நின்றது.

"ஃபேனை நிறுத்துங்க" என்றாள். ஃபேனுக்கும் ஸ்கேனுக்கும் சம்பந்தமில்லை. அவளுக்கு வியர்த்திருந்தது, அப்படியும் நிறுத்தச் சொன்னாள். நான் போய் நிறுத்தினேன்.

அது கட்டி இல்லை. கர்ப்பப்பைதான். காலியாக, சின்னதாக, ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. குழந்தை அதற்கு வெளியே, குடல்களுக்கு நடுவே படுத்திருந்தது. ஆரம்பத்திலேயே கரு கருக்குழாயிலிருந்து நழுவி வயிற்றுக்குள் விழுந்து, கிடைத்த இடத்தைப் பற்றிக்கொண்டு இத்தனை மாதம் வளர்ந்திருக்கிறது. படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதியிருக்கிறோம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, குழந்தையைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள் ஃப்ரேம்காரி.

"இப்ப இல்ல."

"நல்லா இருக்குல்ல?"

"உயிரோட இருக்கு. அசையாம படு."

பெரியம்மாவை நேரில் வரச் சொன்னாள். அவர் தியேட்டர் உடுப்போடு வந்தார். "என்ன, வாசல்ல கோளாறா?" என்று கேட்டபடியே நுழைந்தார். என் மனைவி திரையைக் கைகாட்டினாள். பெரியம்மா குனிந்து பார்த்தார். "நான் வேலைக்கு வந்த நாளிலேர்ந்து இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல."

"பார்க்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா டாக்டர்?"

"வாயைக் குறை. மறுபடி காட்டு."

மறுபடி காட்டினாள். குழந்தைக்குச் சோறூட்டும் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று இருவரும் தேடினார்கள். குடலில் ஒரு பெரிய பரப்பு. அதன் ஒரு விளிம்பு பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்கள் வரை போயிருந்தது. பெரியம்மா நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து என்னிடம் சொன்னார்: "சாதாரண சிசேரியன்னு நினைச்சுத் திறந்திருந்தா, குழந்தையை எடுத்த கையோட அதையும் பிடிச்சு இழுத்திருப்பேன்." கர்ப்பப்பையில் ஒட்டிய நஞ்சுக்கொடியை எடுத்தால், கர்ப்பப்பை சுருங்கி ரத்தத்தை நிறுத்தும். குடலுக்குச் சுருங்கத் தெரியாது. மேசையிலேயே முடிந்துபோகும்.

ரத்தம் திரட்டவே சாயங்காலம் ஆகிவிட்டது. ஃப்ரேம்காரியின் கணவன் கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய சட்டையோடு வந்து நின்றான். அவனிடம் என்ன சொல்வது என்று எங்களுக்கே தெரியவில்லை. ரெண்டு உயிரும் பிழைக்கலாம், ரெண்டும் போகலாம் என்றார் பெரியம்மா. அவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றான். மாமியார் தன் மாடிக்கதைகளை எல்லாம் மறந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

மயக்கம் கொடுக்கும் முன், "உங்க வீட்டுக்காரம்மா உள்ளே இருப்பாங்களா?" என்று ஃப்ரேம்காரி என்னிடம் கேட்டாள். இருப்பாள் என்றேன். "சிரிக்கவே மாட்டாங்க. ஆனா அவங்க இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

வயிற்றைத் திறந்ததும் குழந்தை அங்கேயே இருந்தது. அறுக்க இன்னொரு சுவர் இல்லை. மெல்லிய ஒரு சவ்வு மட்டும். பெண் குழந்தை. ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்ததால் கழுத்து சாய்ந்திருந்தது. அழ நேரமானது, பிறகு அழுதது. அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் ஒரு நொடி கை இளகியது. உதவி டாக்டரின் கை பழக்கதோஷத்தில் தொப்புள்கொடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது.

"தொடாதீங்க!" அறையின் மூலையில் நின்றிருந்த என் மனைவி கத்தினாள். பதினெட்டு வருஷ வாழ்க்கையில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நஞ்சுக்கொடியின் ஓர் ஓரத்தில் ஏற்கெனவே கசிவு இருந்தது. எடுத்துவிடலாமா என்று பெரியம்மாவுக்கு ஒரு சபலம். உள்ளே விட்டால் அழுகும், சீழ் பிடிக்கும், குடலை அடைக்கும் என்றார். எடுத்தால் இப்போதே போய்விடுவாள் என்றாள் என் மனைவி. மேசையருகே வந்து, விளிம்பு எங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டினாள். பெரியம்மா துணியை வைத்துக் கசிவை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கசிவு நின்றது. தொப்புள்கொடியை அடியோடு கட்டி அறுத்துவிட்டு, நஞ்சுக்கொடியை அப்படியே உள்ளே விட்டு, வயிற்றைத் தைத்தார். "நீ சொன்னதைக் கேட்டிருக்கேன்" என்று கையுறையைக் கழற்றும்போது சொன்னார். பாராட்டா, எச்சரிக்கையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி நிம்மதியாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. உள்ளே விட்ட நஞ்சுக்கொடி தானாகக் கரைய மாதக்கணக்காகும். இரண்டு வாரத்துக்கொரு தடவை ஃப்ரேம்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கேனுக்கு வருவாள். வாசலிலிருந்து தொடங்கி, காலியான கர்ப்பப்பையைத் தாண்டி, குடலுக்கு நடுவே இருக்கும் அந்தக் கறுப்புத் திட்டு வரை என் மனைவி போவாள். "போயிடுச்சாம்மா?" என்பாள் அவள். "இருக்கு" என்பாள் இவள். திரை திரும்பாது.

வீட்டில் சாப்பிடும்போது திடீரென்று கேட்பாள்: "காய்ச்சல் வந்தா சொல்லுன்னு சொன்னேனே, அவளுக்குப் புரிஞ்சிருக்குமா?"

"தமிழ்லதானே சொன்னே?"

"விளையாடாதீங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசுச் சான்றிதழ்கள் மொத்தமாகச் சட்டம் போட வந்திருந்தன. உடம்பு கொதித்தபோது மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணாடி வெட்டியிருக்கிறாள். ஒரு தடவை ஸ்கேனுக்கு வரவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர், பால் கட்டியதால் வந்த காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். கடைசியில் மாமியார்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "என்னைத் திட்டுறா டாக்டரம்மா. திட்டட்டும். இவ கண்ணைப் பாருங்க" என்றாள்.

கண் உள்ளே போயிருந்தது. மேசையில் படுக்கவே மூச்சு வாங்கியது. என் மனைவி அந்தத் திட்டின் மேல் கருவியை வைத்தாள். கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கின. "ஒருக்களிச்சுப் படு" என்றாள். ஃப்ரேம்காரி திரும்பினாள். புள்ளிகளும் நகர்ந்து, எது இப்போது மேல்பக்கமோ அங்கே போய்ச் சேர்ந்தன.

"காத்து" என்றாள் என் மனைவி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

காற்று இருக்கக்கூடாத இடம் அது. அழுகின நஞ்சுக்கொடி குடலைத் துளைத்திருந்தது. குடலில் இருப்பதெல்லாம் அதற்குள் வந்துகொண்டிருந்தது. பெரியம்மா வந்தார், பார்த்தார். குடல் அறுவை டாக்டரையும் கூப்பிட்டார்கள். இனி காத்திருக்க வழியில்லை.

அந்த அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. குடலில் ஒரு முழம் போயிற்று. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியை எடுத்தார்கள். பின்னால் ரத்தக்குழாயோடு ஒட்டிய விளிம்பை எடுக்க முடியவில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் நாடி என் விரலுக்குத் தெரியவே இல்லை. ரத்தப் பையைக் கையால் பிழிந்துகொண்டே, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டேன். நான் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. மேசைக்கு எதிர்ப்புறத்தில் என் மனைவி அசையாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் வாசற்கதவைத் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள்.

"நான்தான் விடச் சொன்னேன்."

"அன்னைக்கு எடுத்திருந்தா மேசையிலேயே போயிருப்பா."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் குழந்தைகிட்ட யார் போய்ச் சொல்றது?"

அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

ஃப்ரேம்காரி வெகுநாள் தீவிரப் பிரிவில் கிடந்தாள். பிழைத்தாள். ஆனால் பழைய ஃப்ரேம்காரியாகத் திரும்பிப் போகவில்லை. எலும்பும் தோலுமாக, இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாமல் போனாள். உள்ளே இன்னும் அந்த விளிம்பு இருந்தது. அது இருக்கிறவரை எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் வரலாம், ரத்தம் கசியலாம். அதனால் ஸ்கேன் நிற்கவில்லை. "போயிடுச்சாம்மா?" "இருக்கு." மாதத்துக்கு மாதம் அதே கேள்வி, அதே பதில். நடுவில் குழந்தை உட்கார்ந்தது, தவழ்ந்தது, நின்றது. கழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்றார்கள்.

போன வாரம் வந்தாள். தியேட்டரில் வேலை இல்லாததால் நானும் ஸ்கேன் அறையில் இருந்தேன். குழந்தை மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் மனைவி வாசலிலிருந்து தொடங்கினாள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, குடல். அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. அழுத்தினாள். கோணத்தை மாற்றினாள். மறுபடியும் வாசலுக்குப் போய் முதலிலிருந்து வந்தாள். இவ்வளவு நேரம் அவள் எடுத்துக்கொண்டால் அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும். ஃப்ரேம்காரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் இந்தத் தடவை கேள்வியே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"ஒருக்களிச்சுப் படு" என்றாள் என் மனைவி. காற்றைக் கண்ட அன்றைக்கும் இதையேதான் சொன்னாள்.

ஃப்ரேம்காரி திரும்பினாள். என் மனைவி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கருவியை எடுக்காமலே, இடது கையால் திரையைப் பிடித்துத் திருப்பினாள். அந்தத் திரைக்குத் திரும்பிப் பழக்கமில்லை, கிறீச்சென்றது.

"கண்ணைத் திற. பாரு."

"என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

அந்த அறையில் ஒன்றுமில்லை என்ற வார்த்தையைக் கேட்டுப் பெண்கள் அழுது நான் பார்த்திருக்கிறேன். ஃப்ரேம்காரியும் அழுதாள். திரையில் கறுப்பும் சாம்பலுமாக வெறும் வயிறு. குழந்தை தன் சாய்ந்த தலையோடு அதை அண்ணாந்து பார்த்தது. என் மனைவி ஜெல்லியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். அவளும் அழுகிறாள் என்பது மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் தெரிந்தது.

ஃப்ரேம்காரி எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதை ஒரு படம் எடுத்துக் கொடுங்கம்மா" என்றாள். "கடையில மாட்டணும். இவளோட படத்துக்குப் பக்கத்துல."